தொங்கவிட்ட துணியைக் கவிழ்த்தால் கூரை: மாதிரி எங்கே பிசகுகிறது?

#1 · நிழற்கோடு

கண்காட்சி ஒன்றுக்காக 4 × 4 மீட்டர் திறந்த மண்டபம். நான்கு மூலையிலும் பாதம், நான்கு பக்கமும் திறப்பு. உச்சி 1.5 மீட்டர் எழுச்சி. தட்டை ஓடுகளை இரண்டு அடுக்காக ஒட்டி 6 செ.மீ. தடிமனில் கட்டுவதாகத் திட்டம்.

வடிவம் தேட 60 செ.மீ. சதுரத் துணியை நான்கு மூலையில் குண்டூசி குத்தித் தொங்கவிட்டு, பிளாஸ்டர் பூசி, இறுகியதும் கவிழ்ப்பதுதான் வழி. இதில் மூன்று சிக்கல். மூலையிலிருந்து நடு நோக்கி மடிப்பு விழுகிறது. கவிழ்த்து வைத்ததும் ஒரு பாதத்திலிருந்து உச்சி வரை விரிசல் ஓடுகிறது. உச்சி மட்டும் கூம்பு மாதிரி கூர்ந்து நிற்கிறது.

துணியை விட்டுவிட்டுச் சங்கிலிக்குப் போவதா, நேராக மென்பொருளில் செய்வதா?

#2 · ஈரத்துணி

உங்கள் மூன்று சிக்கலுக்கும் காரணம் வேறு வேறு. மடிப்பை முதலில் எடுத்துக்கொள்வோம்.

நெசவுத் துணி நூல் போகும் திசையில் நீளாது, கிராஸ் திசையில், அதாவது நூலுக்கு 45 பாகை சாய்வாக, தாராளமாக நீளும். சதுரத்தின் ஓரத்துக்கு இணையாக நூல் ஓடும்படி வெட்டினால் மூலைவிட்டம் கிராஸாக அமைந்துவிடும். எடை முழுக்க அந்த மூலைவிட்டம் வழியாகத்தான் பாதத்துக்குப் போகிறது. ஆக, சுமை போகிற திசையில் துணி நீள்கிறது, குறுக்கே சுருங்குகிறது, சுருங்கிய இடம் மடிகிறது. துணியை 45 பாகை திருப்பி, நூல் மூலைவிட்டத்தில் ஓடும்படி வெட்டுங்கள். மூலை பிதுங்காது. பதிலுக்கு ஓரங்கள் கிராஸாகிவிடுவதால் ஓர வளைவு மெல்ல இறங்கும். இரண்டும் "சரியான" வடிவங்கள்தான், ஆனால் ஒன்றல்ல. எத்திசையிலும் நீளும் பனியன் துணி மூன்றாவது வடிவம் தரும்.

குண்டூசியை எடுத்துவிடுங்கள். ஒரே புள்ளியில் பிடித்தால் எந்தத் துணியும் மடியும். மூலையை 3–4 செ.மீ. அகலத்துக்கு இரண்டு மரத்துண்டுக்கு நடுவே வைத்துத் திருகு போட்டுப் பிடியுங்கள். உண்மையான கட்டடத்திலும் பாதத்துக்கு ஓர் அகலம் இருக்கத்தானே போகிறது.

புதுத் துணியில் கஞ்சி இருக்கும். வெந்நீரில் அலசிக் காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகே வெட்டுங்கள். கஞ்சி அங்கங்கே விறைப்பாக நின்று பொய் வளைவு காட்டும்.

இன்னொன்று. பாதங்களை இணைக்கும் கோட்டுக்கு வெளியேயும் 2–3 செ.மீ. துணி விட்டு வெட்டுங்கள். அந்த மிச்சம் தொங்கும்போது கீழே விழும், கவிழ்த்தால் மேல்நோக்கி மடிந்த உதடாகும். அந்த உதடு ஓரத்துக்கு விறைப்பு கொடுக்கும். சுவிஸ் பொறியாளர் ஹைன்ஸ் இஸ்லரின் ஷெல்கள், அதாவது மெல்லிய வளைந்த கூரைகள், ஓரத்தில் தனி உத்தரம் இல்லாமலே நிற்பதற்கு இந்த எதிர்வளைவு பெரிய காரணம். டைட்டிங்கன் நெடுஞ்சாலை நிலையத்தில் 1968இல் அவர் கட்டியவை 9 செ.மீ. தடிமன்தான், மூன்றே பாதம். இஸ்லர் பனிக்காலத்தில் ஈரத்துணியைத் தொங்கவிட்டு உறையவைத்தும் வடிவம் தேடியவர். பிளாஸ்டர் தேவைப்படாத மாதிரி அது.

#3 · கயிறும்கல்லும்

துணிக்கு முன்னால் ஒரே ஒரு சங்கிலியைத் தொங்கவிட்டுப் பாருங்கள். அரை மணி நேர வேலை, பாதிக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும்.

அடிப்படை பழையது. தொங்கும் சங்கிலியில் இழுவிசை மட்டும் உண்டு. அதே வடிவத்தைக் கவிழ்த்தால் அமுக்கவிசை மட்டும். ஆங்கில அறிவியலாளர் ராபர்ட் ஹூக் 1675இல் இதை எழுத்துப் புதிராக அச்சிட்டு மறைத்து வைத்தார், விடை அவர் இறந்த பிறகுதான் வெளிவந்தது. கட்டடக்கலைஞர் கௌடி பார்சிலோனா அருகே கொலோனியா குவெல் தேவாலயத்துக்குக் கயிறும் ஈயக்குண்டுப் பைகளும் தொங்கவிட்டுச் செய்த மாதிரி பிரசித்தம். நீளம் 1:10, எடை 1:10,000. சுமார் பத்தாண்டு அந்த மாதிரிக்கே போனது. கடைசியில் கட்டி முடிந்தது நிலவறை மட்டும்.

அந்த எடை விகிதத்தைப் பார்த்துப் பலர் குழம்புவார்கள். தொங்கும் வடிவத்தை மொத்த எடை தீர்மானிப்பதில்லை, எடை எப்படிப் பங்கிடப்பட்டிருக்கிறது என்பதுதான் தீர்மானிக்கிறது. எல்லாக் குண்டையும் இரட்டிப்பாக்கினால் கயிறு இறுகும், வளைவு மாறாது. அதனால் கைக்கு வந்த எடையை எடுத்துக்கொள்ளலாம், ஒன்றுக்கொன்று விகிதம் மட்டும் தவறக்கூடாது.

செய்முறை: 1:10 அளவில் தாங்கிகளுக்கு நடுவே 40 செ.மீ. குண்டுமணிச் சங்கிலி நல்லது. வளையச் சங்கிலி முறுக்கிக்கொண்டு உராயும். அதுதான் இருக்கிறது என்றால் சட்டத்தை லேசாகத் தட்டிவிட்டு, ஆட்டம் நின்றபின் அளவெடுங்கள். நூல் என்றால் பாலியஸ்டர் முறுக்கு நூல். நைலான் வேண்டாம், எடையில் நீளும், சுருளின் வளைவையும் மறக்காது. நூலில் 2.5 செ.மீ.க்கு ஒரு முடிச்சு, ஒவ்வொன்றிலும் தூண்டில் ஈயக்குண்டு.

புகைப்படம் எடுக்கும்போது கேமரா சங்கிலியின் நடு உயரத்தில், அகலத்தைப் போல் பத்து மடங்கு தள்ளி, ஜூம் போட்டு. கிட்டே நின்று எடுத்தால் ஓரங்கள் கோணும். இரண்டு பக்கமும் தூக்குக்குண்டு நூல் படத்தில் விழட்டும். அவை இரண்டும் இணையாக இல்லையென்றால் அந்தப் படத்தை நம்பாதீர்கள்.

#4 · குமிழி

சோப்புப் படலம்தான் இதைவிட எளிது. கம்பிச் சட்டத்தைச் சோப்பு நீரில் முக்கினால் இயற்கையே வடிவம் தந்துவிடும். ஜெர்மன் கட்டடக்கலைஞர் ஃப்ரை ஓட்டோ அப்படித்தானே செய்தார்? அதையே கவிழ்த்துக் கட்டலாமே.

#5 · கயிறும்கல்லும்

இல்லை. இந்தக் குழப்பம் பாடப்புத்தகம் வரை பரவியிருக்கிறது, பிரித்துச் சொல்லிவிடுகிறேன்.

சோப்புப் படலத்துக்கு எடை என்று சொல்லும்படி ஒன்றுமில்லை. எங்கும் எத்திசையிலும் ஒரே இழுவிசை, அவ்வளவுதான். அந்தச் சட்டத்துக்குச் சாத்தியமான குறைந்த பரப்புக்கு அது போகும். கூடாரத்துக்கு, இழுத்துக் கட்டிய படலத்துக்கு அது பொருத்தம். 1972 மியூனிக் ஒலிம்பிக் கூரை அந்த வகை. அனிஷ் கபூர் 2002இல் டேட் மாடர்னில் மூன்று எஃகு வளையங்களுக்கு நடுவே இழுத்த சிவப்புப் படலமும் இழுவிசைச் சிற்பம்தான். அதன் வடிவத்தைக் கவிழ்த்தால் அதே சேண வடிவம்தான் வரும், சொந்த எடையைத் தாங்கும் வளைவு வராது.

ஓட்டோ இரண்டையும் கையாண்டவர், ஆனால் கலக்கவில்லை. ஜெர்மனியின் மன்ஹைம் மண்டபத்தின் மரச்சட்டக் கூரைக்கு, 1975இல் முடிந்தது, தொங்கும் சங்கிலி வலைதான் மாதிரி. 5 செ.மீ. சதுரக் குறுக்குவெட்டு ஹெம்லாக் சட்டங்கள், தரையில் தட்டையாகப் பின்னி, பிறகு உயர்த்தியது. கேள்வி "எடையை எப்படித் தாங்கும்?" என்றால் சங்கிலி. "எப்படி இழுத்துக் கட்டுவது?" என்றால் சோப்பு.

#6 · சாந்துக்கரணை

உச்சி கூர்வது பிளாஸ்டர் வேலை. ஈரமாக இருக்கும்போது சாந்து வழிந்து தாழ்ந்த புள்ளியில் தேங்குகிறது. அங்கே எடை கூடுகிறது, துணி அங்கே இன்னும் இறங்குகிறது, இன்னும் தேங்குகிறது. வேடிக்கை என்னவென்றால் கவிழ்த்த மாதிரி நன்றாகவே நிற்கும், ஏனெனில் அந்தக் கனத்த உச்சிக்கு அதுவே சரியான வடிவம். ஆனால் நீங்கள் கட்டப்போவது எங்கும் ஒரே 6 செ.மீ. அதற்கு அந்த வடிவம் தப்பு. மாதிரி பொய் சொல்லவில்லை, வேறு கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறது.

60 செ.மீ. சதுரத்துக்கு 2 மி.மீ. பூச்சு போதும். பிளாஸ்டர் 700 கிராம், தண்ணீர் 500 கிராம். எடை போட்டுத்தான் கலக்க வேண்டும், கப் கணக்கு ஒவ்வொரு முறையும் மாறும். தண்ணீரில் பிளாஸ்டரைத் தூவுங்கள், பிளாஸ்டரில் தண்ணீரை ஊற்றாதீர்கள். இரண்டு நிமிடம் ஊறவிட்டு, அடியிலிருந்து மெதுவாகக் கிளறுங்கள், நுரை வரக்கூடாது. பாத்திரத்தில் பழைய பிளாஸ்டர் துளி ஒட்டியிருந்தால் அதுவே விதையாகிப் புதுக் கலவை சட்டென்று இறுகிவிடும். நேரம் போதவில்லையென்றால் ஒரு கிராமுக்குள் சிட்ரிக் அமிலத்தைத் தண்ணீரில் கரைத்துக்கொள்ளலாம், இறுகுவது தள்ளிப்போகும். அதற்கு மேல் போனால் காய்ந்த பிறகும் பொடியும்.

தொங்கவிட்ட துணியில் பூசுவதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. பாலிதீன் விரிப்பில் துணியைத் தட்டையாகப் போட்டு, ஈரப்படுத்தி, அகலத் தூரிகையால் சமமாகப் பூசி, பிறகு தூக்கி மாட்டுங்கள். முதல் ஐந்து நிமிடம் தாழ்ந்த புள்ளியில் சேர்வதை ஈர ஸ்பாஞ்சால் ஒற்றி எடுத்துக்கொண்டே இருங்கள்.

சூடு தணிந்ததும் கவிழ்க்கக் கை பரபரக்கும். பொறுங்கள். ஈர பிளாஸ்டரின் வலிமை காய்ந்ததில் ஏறத்தாழப் பாதிதான். ஒரு நாள் சட்டத்திலேயே தொங்கட்டும். அளவெல்லாம் எடுத்து முடித்த மாதிரியில் உச்சியிலும் பாதத்தருகிலும் 5 செ.மீ. சதுரத் துண்டு அறுத்து எடை பாருங்கள். ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வித்தியாசம் என்றால் அந்த அளவுகளைத் தூக்கிப்போட வேண்டியதுதான்.

#7 · வலைக்கணக்கு

மென்பொருள் பற்றிக் கேட்டீர்கள். ரைனோ வரைகலை மென்பொருளின் கிராஸ்ஹாப்பரில் ஓடும் கங்காரு, அல்லது ஈ.டி.ஹெச். சூரிக் பல்கலைக்கழகக் குழுவின் ரைனோவால்ட். இரண்டும் இந்த வேலைக்குப் போதும். ஆனால் துணியில் நடக்கும் தவறு திரையிலும் நடக்கும், சத்தமில்லாமல்.

பெரிய பிழை இதுதான்: வலையின் ஒவ்வொரு முனைக்கும் ஒரே சுமை கொடுப்பது. பாதத்தருகே வலைக்கண்கள் நெருக்கமாக இருந்தால் அங்கே முனைகள் அதிகம், அதனால் சுமையும் அதிகம். யாரும் கேட்காமலே பாதத்தில் தடித்த ஷெல்லுக்கு வடிவம் தேடிக்கொண்டிருப்பீர்கள். ஒவ்வொரு முனைக்கும் அதைச் சுற்றிய பரப்பின் பங்கைக் கணக்கிட்டு, அதைத் தடிமனாலும் அடர்த்தியாலும் பெருக்கிச் சுமையாகக் கொடுங்கள். வடிவம் மாறினால் பரப்பும் மாறும், எனவே ஒவ்வொரு சுற்றிலும் புதுப்பிக்க வேண்டும்.

அடுத்தது பரவளைவு. சுமை கிடைமட்டத்தில் சீராக இருந்தால் பரவளைவு வரும், வளைவின் நீளத்தில் சீராக இருந்தால் கேட்டனரி, அதாவது தொங்கும் சங்கிலியின் வளைவு, வரும். இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். 4 மீட்டர் அகலம், அரை மீட்டர் எழுச்சி என்றால் கால்பாகப் புள்ளியில் இரண்டுக்கும் 2 மி.மீ.தான் வித்தியாசம், விட்டுவிடலாம். உங்கள் 1.5 மீட்டர் எழுச்சிக்கு அதே புள்ளியில் செங்குத்தாக 37 மி.மீ. வருகிறது. 6 செ.மீ. தடிமனில் பாதியே 30 மி.மீ.தான். விசைக்கோடு தடிமனின் நடு மூன்றில் ஒரு பங்குக்குள் ஓட வேண்டும் என்பது வழக்கமான விதி, அதாவது நடுவிலிருந்து இரு பக்கமும் 10 மி.மீ. கோட்டின் பெயரை மாற்றிப் போட்டதற்கே அந்த இடம் முழுக்கக் காலி.

கேட்டனரிகூட எப்போதும் சரி என்று இல்லை. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நினைவு வளைவு, 192 மீட்டர் உயரம், 1965இல் முடிந்தது, சாதாரணக் கேட்டனரி அல்ல. கால்களின் அகலம் அடியில் 16.5 மீட்டர், உச்சியில் 5.2 மீட்டர். எடை சீராக இல்லாததால் கோடும் அதற்கேற்ப மாறியது.

#8 · குமிழி

திரையில் இவ்வளவும் முடியுமென்றால் துணியும் சாந்தும் எதற்கு?

#9 · ஈரத்துணி

ஓரம் எப்படி நடந்துகொள்கிறது, மடிப்பு எங்கே தொடங்குகிறது என்று துணி உடனே காட்டிக்கொடுக்கும். அமுக்கம் வேண்டிய இடத்தில் துணி மடியும். கவிழ்த்தால் அதே இடத்தில் ஓடு இழுபடும். மென்பொருளில் வலைக்கோடுகளாக நிற்கும் சுருள்வில்கள் அமுக்கமும் தாங்கும் என்று வைத்துவிட்டால் அந்த எச்சரிக்கை மறைந்துவிடும். அமுக்கத்தை அணைத்துவிட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், மடிப்பு அங்கேயும் வரும்.

தவிர, வடிவத்தைத் தேடிப்பிடித்த பிறகு துணியையே அச்சாகவும் ஆக்கலாம். 2018இல் மெக்சிகோ நகரில் காட்டப்பட்ட நிட்கேண்டெலா என்ற கான்கிரீட் ஷெல்லில் பின்னல் துணியும் கம்பிவலையும் சேர்ந்து 55 கிலோதான், அதன்மேல் 5 டன் கான்கிரீட்.

#10 · பக்கஉதைப்பு

விரிசலுக்கு யாரும் வரவில்லை. பாதத்திலிருந்து உச்சிக்கு ஓடும் விரிசல் என்றால் பாதம் விலகியிருக்கிறது. துணியையோ சாந்தையோ பழிக்க வேண்டாம். சட்டத்தில் தொங்கும்போது பாதங்களைச் சட்டம் பிடித்திருந்தது. கவிழ்த்து மேசையில் வைத்ததும் பிடிக்க ஆளில்லை.

கணக்கைப் பாருங்கள். 4 மீட்டர் அகலம், 1 மீட்டர் பட்டை, 6 செ.மீ. ஓடு, கன மீட்டருக்கு 1,800 கிலோ. சதுர மீட்டருக்கு 108 கிலோ. 1.5 மீட்டர் எழுச்சியில் வளைவின் நீளம் 5.2 மீட்டர், எடை 565 கிலோ, ஒவ்வொரு பாதத்திலும் பக்கவாட்டு உதைப்பு சுமார் 165 கிலோ. எழுச்சியை அரை மீட்டராகக் குறைத்தால் எடை 450 கிலோவாகக் குறையும், உதைப்பு 440 கிலோவாக ஏறும். தட்டையான வளைவு இலேசாகத் தெரியும், உதைப்பதில் முரடு.

உராய்வு பிடித்துக்கொள்ளும் என்று நம்புகிறவர்களுக்கு: உராய்வுக் கெழு 0.5 என்று வைத்தால் உயரமான வளைவின் பாதத்தில் 140 கிலோ, தட்டையானதில் 112 கிலோ. இரண்டுமே போதாது. இரண்டுமே சறுக்கும்.

சறுக்கினால் என்ன ஆகும்? பாதங்களுக்கு நடுவே 20 மி.மீ. அகன்றால் உயரமான வளைவில் உச்சி சுமார் 13 மி.மீ. இறங்கும், தட்டையானதில் சுமார் 40 மி.மீ. உச்சியில் கீழ்ப்பக்கமும், இடுப்பில், அதாவது பாதத்துக்கும் உச்சிக்கும் நடுவே, மேல்பக்கமும் திறக்கும். உங்கள் மாதிரியில் ஒரு பாதம் மட்டும் நழுவியிருக்கிறது, அதனால் விரிசலும் அந்தப் பக்கம் மட்டும். பலகையில் நான்கு மரக்கட்டைகளைத் திருகி, பாதம் அதில் முட்டும்படி வைத்துக் கவிழ்த்தால் போய்விடும்.

நான்கு பாத ஷெல்லுக்கு இந்தப் பட்டைக் கணக்கு தோராயம்தான். மொத்தம் 2 டன் அளவு, நான்கு மூலையில், உதைப்பு மூலைவிட்டத் திசையில் வெளியே. ஆட்கள் உள்ளே நடமாடப் போகிறார்கள் என்றால், பாதிக் கூரையில் மட்டும் சுமை விழும் நிலையையும் காற்றையும் கட்டமைப்புப் பொறியாளர் பார்த்துக் கையெழுத்திட்டாக வேண்டும். தொங்கும் மாதிரிக்குச் சொந்த எடை மட்டும்தான் தெரியும்.

#11 · சாந்துக்கரணை

ஓட்டு வேலையில் கவனிக்க வேண்டியவை, சுருக்கமாக.

ஸ்பெயினிலிருந்து அமெரிக்கா போன குவாஸ்தவினோ என்ற கட்டுநர் குடும்பம் பெயர் பெற்ற முறை இது: முதல் அடுக்கு விரைந்து இறுகும் ஜிப்சத்தில், இரண்டாவது சிமென்ட் சாந்தில். முழுப் பலகை அச்சு வேண்டாம், வடிவத்தைக் காட்ட வழிகாட்டிக் கம்பியோ ஒட்டுப்பலகை விலாவோ போதும். ஓட்டின் இரண்டு ஓரத்தில் ஜிப்சம் தடவி, ஏற்கெனவே நிற்கும் ஓட்டோடு அழுத்தி, 10–20 விநாடி கையால் பிடித்தால் நிற்கும். மணல் சேர்க்கக்கூடாது. ஒரு தடவைக்கு அரை லிட்டருக்கு மேல் கலக்காதீர்கள். இறுகத் தொடங்கியதில் தண்ணீர் ஊற்றி இளக்கி ஒட்டினால் அன்றைக்கு நிற்கும், மறுநாள் விழும்.

ஓடு எலும்பாகக் காய்ந்திருந்தால் ஜிப்சத்தின் நீரைக் குடித்துவிடும், இணைப்பு மாவாகும். தண்ணீர் சொட்டச் சொட்ட இருந்தால் பிடிக்காது. ஒரு முக்கு முக்கி எடுத்து, மேல்பளபளப்பு போனபின் ஒட்டுங்கள். இரண்டாம் அடுக்கை முதலடுக்குக்கு 45 பாகையில் போடுங்கள், இணைப்புகள் ஒன்றன்மேல் ஒன்று விழக்கூடாது. 2.5 செ.மீ. ஓடு இரண்டு, நடுவே 1 செ.மீ. சாந்து, உங்கள் 6 செ.மீ. சரி. ஜிப்சம் ஈரத்தில் வலுவிழக்கும். வெளியில் நிற்கப் போகிறது என்றால் மேல்பூச்சு இல்லாமல் விடாதீர்கள்.

#12 · நிழற்கோடு

துணியைத் திருப்பி வெட்டி, மூலையைக் கட்டையில் பிடித்துப் புது மாதிரி செய்கிறேன். பெரிய தடை ஒன்று: கண்காட்சிக் கூடத்தின் தரையில் துளையிட அனுமதி இல்லை. உதைப்பை எங்கே கொண்டுபோவது?

#13 · பக்கஉதைப்பு

2016 வெனிஸ் கட்டடக்கலை பினாலேயில் சூரிக் குழு வைத்த அர்மடில்லோ கவிகைக்கும் இதே தடைதான், பழைய கட்டடத்தின் தரையைத் தொட முடியாது. 399 சுண்ணாம்புக்கல் துண்டுகள், சாந்தே இல்லை. பாதங்களை எஃகு இழுகம்பிகளால் ஒன்றோடொன்று கட்டிவிட்டார்கள். உதைப்பு தரைக்குப் போகவில்லை, கம்பிக்குள்ளேயே அடங்கியது.

உங்களுக்கும் நான்கு பாதத்துக்கு எஃகுத் தகடு, நான்கு பக்கமும் கம்பி. ஆட்கள் நுழையும் பக்கங்களில் கால் இடறாமல் இருக்க, வட்டக் கம்பிக்குப் பதில் தட்டைப் பட்டை போட்டுச் சாய்வுப் பலகையால் மூடுங்கள். வலிமை பற்றிக் கவலை வேண்டாம். 440 கிலோ வந்தாலும் 10 மி.மீ. கம்பி 4 மீட்டரில் 1 மி.மீ. சொச்சம்தான் நீளும். இடைஞ்சல் கம்பியில் இல்லை, முனையில். நட்டு இருக்கையில் 3 மி.மீ. தளர்வு இருந்தால் கூரை அந்த 3 மி.மீ.ஐயும் எடுத்துக்கொண்ட பிறகுதான் கம்பி வேலையைத் தொடங்கும். ஒவ்வொரு கம்பியிலும் இறுக்குத் திருகு ஒன்று இருக்கட்டும்.

வழிகாட்டிகளையும் முட்டுகளையும் எடுப்பதற்கு முன்பே கம்பியை இறுக்குங்கள், கையால் தட்டினால் ஒலிக்கும் அளவுக்கு. பிறகு முட்டுகளை உச்சியிலிருந்து பாதம் நோக்கி, எதிரெதிர்ப் பக்கம் ஒரே நேரத்தில், ஒரு சுற்றுக்கு 2 மி.மீ. வீதம் இறக்குங்கள். ஒரு மூலையை முழுக்க விடுவித்துவிட்டு அடுத்த மூலைக்குப் போனால், மேசையில் பார்த்த அதே விரிசலை இங்கேயும் பார்ப்பீர்கள். ஒவ்வொரு சுற்றிலும் பாத இடைவெளியை நாடாவால் அளந்து எழுதி வையுங்கள். 5 மி.மீ.க்கு மேல் அகன்றால் இறக்குவதை நிறுத்தி, கம்பியை மறுபடி முடுக்கிவிட்டுத் தொடருங்கள்.